எட்டாயிரம் மைல் நீண்ட பகல்

1

மாலை விளக்கு வைத்த பிறகே சாப்பிடுவேன் என்று நேர்ந்துகொண்ட ஒருவர், சூரியன் மறையவே மறையாத ஒரு நாளில் எப்போது சாப்பிடுவது?

கேட்பதற்கு விடுகதை போலத் தோன்றும். ஆனால் சென்ற ஆண்டு வைகாசிக் கடைசியில், டொராண்டோ விமான நிலையத்தில் சன்னல் இல்லாத ஓர் அறைக்குள் நிறைமாதக் கர்ப்பிணியாக நின்றுகொண்டு இந்தக் கேள்விக்கு நான் விடை தேட வேண்டியிருந்தது. விடை கிடைக்காவிட்டால், எட்டாயிரம் மைல் பறந்து வந்த என் தாயை நேரே மருத்துவமனைக்கு ஏற்றிச் செல்வது என்று அங்கிருந்தவர்கள் முடிவு செய்திருந்தார்கள்.

இன்று என் மகளுக்கு ஒரு வயது நிறைகிறது. வீட்டில் பாயசத்துக்குப் பால் காய்கிறது. நண்பர்கள் வருவதற்குள் அந்த நாளை ஊரில் உள்ளவர்களுக்காக எழுதிவிட வேண்டும் என்ற பரபரப்பில் அமர்ந்திருக்கிறேன்.  

2

பாலக்காட்டுக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் கொழிஞ்சாம்பாறை எங்கள் ஊர். ஊருக்கு வெளியே நிலக்கடலையும் தென்னையுமாக எங்கள் தோட்டம். நான் பக்கத்துச் சித்தூரில் பௌதிகம் படித்துப் பட்டம் பெற்றேன். பொள்ளாச்சிப் பக்கத்து மாப்பிள்ளைக்கு வாழ்க்கைப்பட்டு, அவருக்குத் தொழிற்சாலை வேலை கிடைத்ததால் கனடாவுக்கு வந்தேன்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடக்க வேண்டும் என்பது நம் நாட்டில் எங்கும் உள்ள வழக்கம். எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு முறை உண்டு. ஒன்பதாம் மாதத்தில் பெண்ணின் தாய்வீட்டார் புளிச்சோறு, தயிர்ச்சோறு என்று பலவகைச் சோறு கட்டிக்கொண்டு மருமகன் வீட்டுக்குப் போவார்கள். உறவினரெல்லாம் உண்டு முடித்த பின் பெண்ணைத் தங்கள் வீட்டுக்கு அழைத்து வருவார்கள். கட்டுச்சோறு என்றால் எங்களுக்கு அந்தச் சடங்கே நினைவுக்கு வரும். அதைச் செய்யாமல் பெண்ணை அழைத்து வருவதும் இல்லை. அதைச் செய்ய ஒன்பதாம் மாதத்துக்கு முன்பு நாள் பார்ப்பதும் இல்லை.

இங்கேதான் சிக்கல் எழுந்தது. எங்கள் சடங்கு தொடங்கும் மாதத்துக்கு முன்பே விமானத்தின் கதவு சாத்தப்பட்டுவிடுகிறது. நிறைமாதக் கர்ப்பிணியை அவ்வளவு நீண்ட பயணத்துக்கு ஏற்றிக்கொள்ள மாட்டோம் என்று பயணச்சீட்டு விற்கும் அலுவலகத்தில் மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள். இதை ஊருக்கு எழுதினேன். ஊருக்கருகே எல்லையில் உள்ள வேலந்தாவளத்துச் சோதனைச் சாவடியில் கையைக் காட்டினால் நிற்கும் பேருந்தைப் போலத்தான் விமானத்தையும் எண்ணியிருந்தார்கள் எங்கள் வீட்டில். வயிற்றைப் பார்த்து இடம் மறுக்கும் வண்டி ஒன்று உண்டு என்பதை அவர்களால் நம்ப முடியவில்லை. அப்பா சொல்லச் சொல்லத் தம்பி எழுதிய பதிலில் கோபம் கொப்பளித்தது. அதன் அடியில் அம்மா தன் கையாலேயே இரண்டு வரி எழுதியிருந்தாள்.

“நீ வெசனப்படாத அம்மிணி. உன்னய ஏத்தலைன்னா என்னய ஏத்துவாங்கல்ல? நான் வாறேன்.”

கோயம்புத்தூரைத் தவிர்த்தால் ரயிலில் பழனிக்கு மட்டுமே போயிருந்தவள் என் தாய். அந்த இரண்டு வரியைப் படித்துவிட்டு, எங்கள் ஒன்பதாம் மாடிக் குடியிருப்பின் நடைவழியில் நான் கத்திய கத்தலுக்கு அடுத்த வீட்டுப் போலந்துக்காரர் கதவைத் திறந்து பார்த்தார்.

3

அவள் கடவுச்சீட்டுப் பெற்ற கதை தனியே எழுதத்தக்கது. அம்மா பிறந்தது சென்னை மாகாணத்தில். வாழ வந்தது கொச்சி ராச்சியத்தில். இப்போது குடியிருப்பது கேரளத்தில். கல்யாணமாகி வந்த பிறகு அவள் வீட்டை விட்டு நகரவே இல்லை, எல்லைகள்தான் நகர்ந்தன. ஆனால் விசாரணைக்கு வந்த அதிகாரிக்கு ஒரே ஒரு பதில் தேவைப்பட்டது.

“அம்மே, ஜனிச்சது ஏது சம்ஸ்தானத்தா?” என்று, பிறந்த மாநிலத்தை அவர் மலையாளத்தில் கேட்டாராம்.

“அதையெல்லாம் நானு எங்கீங்க கண்டேன்? எங்கம்மா ஊட்டுலதானுங்க” என்றாளாம் இவள்.

அதிகாரி சிரித்துவிட்டு, மோர் வாங்கிக் குடித்துவிட்டு, தாமே ஒன்றை எழுதிக்கொண்டு போனார் என்று தம்பி எழுதியிருந்தான். எதை எழுதினார் என்று அவன் கேட்கவில்லை. நான் இங்கே பல நாள் அதையே எண்ணிக் கலங்கினேன். ஒரு மனிதரின் வாழ்வு ஒரு வார்த்தையில் தடுக்கி விழக்கூடும் என்பது அயல்நாட்டில் குடியேறிய எவருக்கும் தெரியும்.

கடவுச்சீட்டு வந்தது, தடுப்பூசிச் சான்றுகள் வந்தன, இங்கிருந்து நாங்கள் அனுப்பிய சீட்டும் போய்ச் சேர்ந்தது. தனியாக வருகிறவள் ஆயிற்றே என்று, படித்தவளுக்குரிய பொறுப்போடு பயணத்தை விளக்கி ஒரு நீண்ட கடிதம் எழுதினேன். பம்பாயிலிருந்து லண்டன் ஏறத்தாழ நாலாயிரத்து ஐந்நூறு மைல். விடியலில் ஏறினால் நடுவில் ஓரிடத்தில் இறங்கிப் புறப்பட்டுப் பதினோரு மணி நேரம். அங்கே இரண்டு மணி நேரம் காத்திருந்து மறு விமானம் ஏற வேண்டும். அது மூவாயிரத்து ஐந்நூறு மைல். எட்டு மணி நேரம். மணிக்கணக்குத் தெளிவாக இருந்தால் மனம் திடமாக இருக்கும் என்பது என் எண்ணம்.

அந்தக் கணக்கை அம்மா வேறொன்றுக்குப் பயன்படுத்திக்கொண்டாள். நான் கருவுற்ற செய்தி போன நாளிலேயே, குழந்தை நல்லபடியாகப் பிறக்கும் வரை மாதந்தோறும் கிருத்திகை விரதம் இருப்பதாக அவளும் அப்பாவும் சேர்ந்து முருகனுக்கு நேர்ந்திருந்தார்கள். பகல் முழுதும் தண்ணீர் மட்டும். பொழுது இறங்கி, வீட்டில் விளக்கு வைத்துக் கும்பிட்ட பிறகு சாப்பாடு. பயண நாள் கிருத்திகையில் விழுந்தது. சீட்டை மாற்றச் சொல்லி எழுதலாமா என்று அப்பா கேட்டிருக்கிறார். அம்மா விரல் விட்டு எண்ணிப் பார்த்திருக்கிறாள். விடியலில் ஏறுகிறோம், பதினோரு மணி நேரம் போனால் சாயங்காலம், இரண்டு மணி நேரம் காத்திருந்தால் விளக்கு வைக்கும் நேரம். இரண்டாவது விமானத்தில் ஏறி உட்கார்ந்ததும் சாப்பிட்டுக்கொள்ளலாம்.

கணக்கில் ஒரு பிழையும் இல்லை. ஆயினும் அவளோடு சேர்ந்து சூரியனும் மேற்கே பயணம் செய்தது.

4

விமானம் வந்து இறங்கிவிட்டது என்று பலகையில் போட்டார்கள். நானும் என் கணவரும் கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றோம். பயணிகள் வந்தார்கள், அணைத்துக்கொண்டார்கள், போனார்கள். கூட்டம் மெலிந்தது. அம்மா வரவில்லை. என் கணவர் என் கையில் ஒரு காப்பியைத் திணித்துவிட்டுத் தாமே அதை வாங்கிக் குடித்தார்.

அப்போது ஒலிபெருக்கியில் ஏதோ ஒரு பெயர் மூன்று முறை முழங்கியது.

“ஏய், உன்னயத்தான் கூப்புடறாங்க” என்றார் அவர்.

“என்னயவா? அது ஏதோ இத்தாலிக்காரி பேரு மாதிரி இருந்துச்சுங்க.”

“தங்கமணிங்கறதத்தான் அப்புடி ஒடச்சுப் போட்டிருக்கான். போ, போ. ஓடாத, மெதுவாப் போ!”

ஒருவர் மட்டும் உள்ளே வரலாம் என்றார்கள். நடைவழியின் முடிவில் இருந்த ஓர் அறையில், சாய்வு நாற்காலியில் அம்மா அமர்ந்திருந்தாள். அரக்குச் சேலை, கசங்காத கொசுவம், நெற்றியில் அழியாத திருநீறு. முகம் மட்டும் வெளுத்திருந்தது. பக்கத்தில் ஒரு நர்ஸ் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். குடிநுழைவு அதிகாரி ஒருவர் கையில் கடவுச்சீட்டோடு நின்றார்.

வரிசையில் நின்றபோது தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார் என்று அதிகாரி எனக்கு விளக்கினார். நாங்கள் கேட்பது அவருக்குப் புரியவில்லை, அவர் சொல்வது எங்களுக்குப் புரியவில்லை. பழச்சாறு கொடுத்தால் கையால் தடுக்கிறார். கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்று கேளுங்கள் என்றார்.

அம்மா என்னைப் பார்த்ததும் வேறெதையும் கேட்கவில்லை. என் வயிற்றைப் பார்த்தாள்.

“நல்லா எறங்கியிருக்குதே! ஏங்கண்ணு, இத வெச்சுக்கிட்டா இத்தன தூரம் நடந்து வந்தே?”

“அம்மா, எப்பங்க சாப்புட்டீங்க?”

“நேத்து ராத்திரி. பம்பாயில மாதுங்காவுல, தம்பியோட கூட்டாளி ஊட்டுல. இன்னைக்குக் கிருத்திகையாச்சே.”

எனக்குப் புரிந்துவிட்டது. “ஏரோப்ளேன்ல ஒண்ணுமே சாப்புடலீங்களா?”

“அஞ்சாறு தடவ தட்டு வந்துச்சு. பக்கத்துல ஒரு பஞ்சாபிக்காரம்மா. எந்தட்டையும் சேத்து அவுங்களே சாப்புட்டாங்க, பாவம், வீணாப் போவக்கூடாதுன்னு. நல்ல மனுசி.” அயர்ச்சிக்கு நடுவிலும் அம்மாவின் கண்கள் ஒளிர்ந்தன. “தங்கோ, மேகத்துக்கு மேல நின்னு பாத்தேன் தெரியுமா! பஞ்சு காயப் போட்ட களத்தாட்டம். உங்கப்பன் பாத்தா அதுல என்ன வெதைக்கலாம்னு கேப்பாரு. ஆனாப் பொழுதுதான்... நீ எழுதுன கணக்குக்கு லண்டன்ல எறங்கறப்ப சாயங்காலமாகோணும். எறங்கிப் பாத்தா உச்சி வெயில்! சரி, அடுத்த ப்ளேன்ல எறங்கிரும்னு உக்காந்தேன். ஜன்னல உட்டு நவுரவே மாட்டேங்குது. எங்கூடவே சீட்டு வாங்கிட்டு வந்தாப்பல.”

நர்ஸ் பொறுமையாகக் காத்திருந்தாள். நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அவள் முகம் மாறியது. நாடி பலவீனமாக இருக்கிறது. இரத்த அழுத்தம் தாழ்ந்திருக்கிறது. இப்போது ஏதேனும் சாப்பிட்டு எழுந்து நின்றால் அனுப்பிவிடலாம், இல்லையென்றால் மருத்துவமனையில் வைத்துக் கவனிக்காமல் விட முடியாது என்றாள். அதிகாரி அவளை ஆமோதித்தார். அவர்கள் சொன்னதில் கடுமையோ தவறோ இல்லை. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

5

அம்மாவிடம் சொன்னேன். அவள் தலையை அசைத்தாள்.

“ஆஸ்பத்திரியா? சரி, போலாம். நேர்த்திய முறிக்க முடியாது. இது எனக்கு நேந்ததில்ல அம்மிணி. அதுக்கு நேந்தது.” என் வயிற்றைத் தொட்டாள்.

நான் நின்று யோசித்தேன். வற்புறுத்தி ஒரு வாய் புகட்டிவிடலாம். நாளைக்குப் பிரசவத்தில் எனக்கு ஏதேனும் நேர்ந்தால், அந்த ஒரு வாயைத்தான் வாழ்நாள் முழுவதும் காரணமாக நினைத்துக்கொள்வாள். வற்புறுத்தாமல் விட்டால், ஒரு சொல்லும் புரியாத மருத்துவமனையில் ஊசிக்கும் குழாய்க்கும் அவளை ஒப்படைக்க வேண்டும். அவள் துணைக்காக நான் ஏங்கியிருந்த நாட்களில் நானே அவளைத் தேடி அலைய வேண்டும். இரண்டிலும் நம்பிக்கை தோற்கிறது. ஒன்றில் அவளுடையது, மற்றொன்றில் என்னுடையது.

அப்போது அம்மா கேட்டாள்: “கண்ணு, வெளியில பொழுது எறங்கிருச்சா?”

அந்த அறையில் சன்னல் இல்லை. “எறங்கிருச்சுங்கம்மா” என்று ஒரு சொல் சொன்னால் போதும். பழச்சாறு அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. உண்மையில் வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. இங்கே வைகாசியில் இரவு ஒன்பது மணிக்குத்தான் சூரியன் மறையும். சில நிமிடங்களில் கதவைத் தாண்டி வெளியே போனதும் அவளுக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு நான் சொல்லும் எதை அவள் நம்புவாள்? வலி வரும்போது “ஒன்றுமில்லை” என்று நான் சொன்னால் நம்புவாளா?

“இல்லீங்கம்மா. இங்க இன்னும் நாலஞ்சு மணி நேரம் ஆகும்” என்றேன்.

“நாலஞ்சு மணி நேரமா! என்னடா பொழுது இது, விருந்துக்கு ஒறம்பரையா வந்துட்டுப் போகாத ஆளாட்டம்!”

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு வழி தெரிந்தது. ‘இங்கே’ என்று நான் சொல்லியிருந்தேன். அப்படியானால் அங்கே?

“அம்மா, நம்மூர்ல இப்ப மணி என்ன தெரியுங்களா? நடுச்சாமம் தாண்டிருச்சு.”

“அதெப்புடி? இப்பத்தானே வெயில்ங்கற?”

“இங்க வெயில். அங்க ராத்திரி. பூமி உருண்டைங்க. நம்ம ஊட்டுல பொழுது எறங்கி, வெளக்கு வெச்சு, அப்பா கும்புட்டுச் சாப்புட்டு, படுத்தே பல மணி நேரமாச்சு.”

அம்மாவின் புருவம் உயர்ந்தது. “சாப்புட்டாரா?”

“பின்னே? அவருக்கும் நேர்த்தி சாயங்காலம் முடிஞ்சுதல்லங்க?”

“தூங்கியும் போயிருப்பாரா?”

“கொறட்ட உட்டுட்டிருப்பாருங்க.”

அவள் விரல்களை மடக்கி எண்ணினாள். அவள் உள்ளுக்குள் எதையோ நிறுத்துப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தாள். நான் கையைக் காட்டி அவளைப் பொறுக்கச் சொன்னேன்.

“நேர்த்தி ஒண்ணுதான்” என்றாள் அம்மா மெதுவாக. “ரண்டு பேரும் ஒண்ணா நின்னு, ஒரே தேங்கா ஒடச்சு நேந்தோம். நம்ம ஊட்டுல வெளக்கு வெச்சா முடிப்போம்னுதான் நேந்தோம். ஏரோப்ளேன்ல வெச்சான்னோ கனடாவுல வெச்சான்னோ சொல்லல.”

“ஆமாங்கம்மா.”

“அவரு தின்னுப்போட்டு நல்லாத் தூங்குவாரு. நானு ஆஸ்பத்திரில கெடக்கறதா?”

“அதானுங்க நானும் கேக்கறேன்.”

“முருகனுக்கே ஞாயமில்ல” என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். “சரி, நம்மூரு எந்தப் பக்கம்? அந்தத் தெசையப் பாத்துக் கும்புட்டுட்டுச் சாப்புடறேன்.”

பௌதிகம் படித்தவளுக்கு இது எளிய கேள்வியாக இருந்திருக்க வேண்டும். கிழக்கு என்று சொல்ல வாய் திறந்தேன். வடக்கே துருவத்தை ஒட்டிப் போவதே குறுக்குவழி என்று நினைவு வந்தது. உண்மையைச் சொல்லப்போனால் எங்கள் ஊர் உருண்டையின் ஏறக்குறைய மறுபுறம். நான் தரையைக் காட்டினேன்.

“கீழயா?”

“கீழதாங்க. கொஞ்சம் சாஞ்சாப்பல.”

அம்மா தன் காலடியைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். இருகரம் கூப்பி, தரையை நோக்கிக் குனிந்து கண்மூடினாள். மயங்கி விழுகிறாள் என்று எண்ணி நர்ஸும் அதிகாரியும் இரு பக்கமும் பாய்ந்து பிடித்தார்கள். அவர்கள் கைப்பிடியிலேயே அவள் முழுதாகக் கும்பிட்டு முடித்தாள்.

பிறகு பழச்சாற்றை அண்ணாந்து குடித்தாள். பிஸ்கட்டை முகர்ந்து பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தன் கைப்பையிலிருந்து ஒரு தூக்குப் பாத்திரத்தை எடுத்தாள். பொட்டுக்கடலை மாவும் நாட்டுச்சர்க்கரையும் சேர்த்துப் பிடித்த உருண்டைகள். தான் ஒன்று தின்று, நர்ஸிடம் ஒன்றை நீட்டினாள்.

“தின்னு சாமி. நீயும் எவ்வளவு நேரந்தான் நின்னுட்டே இருப்ப?”

நர்ஸ் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். அவள் தின்றாள். அதிகாரி மறுத்தார், அம்மா விடவில்லை, அவரும் தின்றார். சிறிது நேரத்துக்குப் பின் மறுபடி நாடி பார்த்தார்கள். அம்மா எழுந்து நின்றாள், கொசுவத்தைச் சரி செய்தாள், கதவுக்கும் சுவருக்கும் நடந்து காட்டினாள். கடவுச்சீட்டில் முத்திரை விழுந்த சத்தம் எங்கள் ஊர்க் கோயில் மேளம் போல என் காதில் ஒலித்தது.

“இவ்வளவுதானா? இதுக்குப் போயி எம்பேர ஊரெல்லாம் முழங்க வெச்சீங்க!” என்று, நாங்கள் வெளியே வந்து நடந்ததைச் சொன்னதும், பதற்றத்தில் பேர் மாறி என் கணவர் அழாக்குறையாகச் சொன்னார்.

“அது எம்பேருங்க” என்றேன் நான்.

“வாங்க மாப்ளைங்க, நல்லா இருக்கீங்களா? எளச்சுப் போயிட்டீங்க” என்றாள் அம்மா, முப்பது மணி நேரம் பட்டினி கிடந்தவள் வேறு யாரோ என்பது போல.

6

மூன்றாம் நாள் எங்கள் வீட்டில் கட்டுச்சோறு நடந்தது. மூன்று நாள் வழியில் சோறு தாங்காது என்று அறிந்து, அம்மா புளிக்காய்ச்சலாகக் காய்ச்சி எடுத்து வந்திருந்தாள். இங்கேயே சோறு வடித்துக் கிளறினாள். டொராண்டோவில் உள்ள நாலைந்து தமிழ்க் குடும்பங்கள் உறவினராக வந்து உண்டன. அவர்களில் ஒரு வீட்டுச் சிறுமிக்குத் தமிழ் புரியும். பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். அம்மாவுக்கு ஆங்கிலம் அறவே தெரியாது. இருவரும் கதவோரம் உட்கார்ந்து விமானத்தைப் பற்றி நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். என் குழந்தையும் இப்படித்தான் விலகிப் போகுமோ என்று அதுவரை நான் அஞ்சியிருந்தேன். அந்தக் காட்சி அச்சத்தைப் போக்கிவிடவில்லை. ஆனால், விலகும் குழந்தைக்கு எதிரே உட்கார்ந்து சலிக்காமல் பேச ஒருவர் வேண்டும் என்பதை உணர்த்தியது.

உண்டு முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டுமே! அம்மா எங்கள் இரண்டாவது படுக்கையறையின் வாசலில் நின்று அறிவித்தாள்.

“வாசப்படிக்கு இக்கட்டால, இந்தப் பக்கம் எங்கூடு. மாப்ளைங்க, கேட்டுட்டுத்தான் உள்ள வரோணும்.”

என் கையைப் பிடித்துக் கூடத்திலிருந்து அந்த அறைக்கு அழைத்துச் சென்றாள். நாங்கள் வாடகை கொடுக்கும் அதே குடியிருப்பில், ஒரு வாசற்படியைத் தாண்டி, நான் தாய்வீடு போனேன். எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கூடவே அழுதேன். இரண்டு வாரம் கழித்து மருத்துவமனையில் என் மகள் சுகமாகப் பிறந்தாள். என்னை அந்த அறைக்கே திரும்ப அழைத்து வந்தார்கள். அறுவடைக்கு முன்பு அம்மா ஊர் திரும்பினாள். அந்தப் பயணத்துக்கு நாள் பார்த்தபோது, கிருத்திகை எது என்பதை நானே முதலில் கேட்டுக்கொண்டேன்.

விமான நிலைய அறையில் அன்றைக்கு எங்களோடு இருந்த அதிகாரி, நாங்கள் புறப்படும்போது என் தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். ஆங்கிலம் தெரியாத தமிழ்ப் பயணி எவரேனும் வந்து இறங்கினால் இப்போது விமான நிலையத்திலிருந்து என்னை அழைக்கிறார்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பேருந்து ஏறிப் போகிறேன். இதுவரை ஏழு பேருக்கு மொழிபெயர்த்திருக்கிறேன். அவர்களில் எவரும் ஆம்புலன்ஸில் ஏறவில்லை.